கடற்கரைக்காரர்களுக்கு ஆங்கிலச் சொற்கள்: எங்கே தொடங்குவது, எவ்வளவு செலவு, எத்தனை நாள்

தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்துவிட்டு ராமேஸ்வரத்தில் ஒரு தங்கும் விடுதியின் வரவேற்பு மேசையில் வேலைக்குச் சேர்ந்தவன் நான். பள்ளியில் ஆங்கிலத்துக்கு மார்க் வந்தது, பேச்சு வரவில்லை. வெந்நீர் எத்தனை மணிக்கு வரும் என்று ஒருவர் கேட்டால் பதில் தெரியும், அதைச் சொல்லச் சொல் இருக்காது. அதற்கப்புறம் புத்தகம், ஆப், வகுப்பு எல்லாவற்றையும் சுற்றி வந்தாயிற்று. தொண்டி முதல் சாயல்குடி வரைக்கும் இதே நிலையில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் என்னைப் போல் சுற்றாமல் நேராகப் போகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒரு விஷயம். இங்கே ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறேன், எல்லோரும் தடங்கலில்லாமல் படிக்க வேண்டும் என்பதற்காக. உங்கள் நோட்டில் நீங்கள் அப்படி எழுதக் கூடாது. காரணம் ஏழாவது தலைப்பில் வரும்.

1. எந்தச் சொற்கள் வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

அகராதியை முதல் பக்கத்திலிருந்து பிடிப்பவர்கள் இரண்டாவது வாரத்தில் விட்டுவிடுவார்கள். அதைவிடச் சிறிய பட்டியல்கள் உண்டு. அதிகம் புழங்கும் சொற்களை மட்டும் திரட்டிய ஆக்ஸ்ஃபோர்டு 3000 என்ற பட்டியலை இணையத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். 2013-இல் வந்த நியூ ஜெனரல் சர்வீஸ் லிஸ்ட்டில் சுமார் 2,800 சொற்கள். பொதுவான ஆங்கில எழுத்தில் 92 சதவீதம் இந்தச் சொற்களுக்குள் அடங்கிவிடும் என்கிறார்கள் அதைத் தொகுத்தவர்கள்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மிச்சம் எட்டு சதவீதத்தில்தான் உங்கள் பிழைப்பு இருக்கிறது. கணவாய், புயல் கூண்டு, வங்கி நாமினி, கூலிப் பிடித்தம், வாடகை முன்பணம் போன்றவற்றுக்கான சொற்களைப் பொதுப் பட்டியலில் எதிர்பார்க்காதீர்கள். அதனால் பட்டியலைப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் வர வேண்டியது இரண்டு: உங்கள் பையில் இருக்கும் தாள்களில் அச்சாகியிருக்கும் சொற்கள், உங்களிடம் ஆட்கள் வந்து கேட்கும் கேள்விகளில் உள்ள சொற்கள்.

நம் கரையில் தேவை மூன்று விதமாகப் பிரியும். படகுக்காரர்களுக்கு வானிலை, வயர்லெஸ், மீன் பெயர். ஆட்டோ, விடுதி, சங்குக் கடை வைத்திருப்பவர்களுக்குச் சுற்றுலாப் பேச்சு. கீழக்கரை, தொண்டி, பனைக்குளம் பக்கம் வெளிநாட்டுக்குக் கிளம்புகிறவர்களுக்குப் படிவமும் வேலை ஒப்பந்தமும். இதில் எது உங்களுடையது என்று ஒன்றை எடுங்கள். மூன்றையும் சேர்த்துப் பிடித்தால் எதுவும் நிற்காது.

2. பொருட்கள், செலவு

பெரிய செலவு இல்லை. கோடு போட்ட நோட்டு ஒன்று, பேனா, காது இயர்போன். சொல் எழுதிப் பழகும் அட்டைகளுக்குப் பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டிக்கொள்ளுங்கள், பின்பக்கம் வெள்ளையாக இருப்பதைப் பார்த்து. கடையில் விற்கும் அட்டைகளைவிட இவை கெட்டி.

இதே அட்டைகளைப் போனில் வைத்துக்கொள்ள ஆன்கி என்ற செயலி நல்லது. ஆண்ட்ராய்டில் அது ஆன்கிட்ராய்ட் என்ற பெயரில் இலவசம், ஐபோனில் காசு கேட்கும். இதே போன்ற பெயரில் சந்தா கேட்கும் போலிகளும் ஆப் கடையில் கிடக்கின்றன, பார்த்து இறக்குங்கள். உச்சரிப்புக்கு எந்த நல்ல இணைய அகராதியிலும் ஒலிபெருக்கிப் படம் இருக்கும், அதைத் தட்டினால் போதும். கேட்டுப் பழக பிபிசி லேர்னிங் இங்கிலீஷ் இலவசம்.

ராமநாதபுரத்தில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது, ஊர்களில் கிளை நூலகங்களும் உண்டு. உட்கார்ந்து படிக்கக் காசு இல்லை. புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போக உறுப்பினராக வேண்டும். ஆதார் நகல் கொண்டுபோங்கள். காப்புத்தொகையும் ஆண்டுச் சந்தாவும் சேர்த்தாலும் ஒரு பிரியாணி விலையைத் தாண்டாது. பெரிய அகராதி வாங்க ஆசைப்படாதீர்கள், நூலகத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

3. பையில் இருக்கும் தாள்களிலிருந்து தொடங்குங்கள்

வீட்டில் உள்ள எல்லாத் தாள்களையும் ஒரு நாள் பாயில் பரப்புங்கள். வங்கி பாஸ்புக், இன்சூரன்ஸ் பத்திரம், பாஸ்போர்ட், படகுப் பதிவு, மாற்றுச் சான்றிதழ், மின்கட்டண ரசீது. ஒவ்வொன்றிலும் புரியாத சொல்லை அடிக்கோடிட்டால் நூறு சொல்லாவது தேறும். இவற்றை முதலில் படிக்கச் சொல்வதற்குக் காரணம், இவை திரும்பத் திரும்ப வரும். ஒரு படிவத்தில் படித்தது அடுத்த படிவத்திலும் இருக்கும்.

எல்லாப் படிவத்திலும் வருபவை: அப்ளிகன்ட் என்றால் விண்ணப்பிப்பவர், அதாவது நீங்கள். ஸ்பௌஸ் என்றால் கணவன் அல்லது மனைவி. நாமினி என்றால் உங்களுக்குப் பின் பணத்தை வாங்கும் உரிமைக்குப் பெயர் கொடுக்கப்பட்டவர். பெனிஃபிஷியரி என்றால் பணம் போய்ச் சேர வேண்டியவர். செல்ஃப் அட்டெஸ்டட் என்றால் நகலில் நீங்களே கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும், அதிகாரியைத் தேடி அலைய வேண்டாம். ப்ளாக் லெட்டர்ஸ் என்றால் எல்லாம் பெரிய எழுத்தில். 'ஸ்ட்ரைக் ஆஃப் விச்செவர் இஸ் நாட் அப்ளிகபிள்' என்றால் பொருந்தாததை அடிக்க வேண்டும். 'டிக்' என்று இருந்தால் பொருந்துவதற்குக் குறி போட வேண்டும். இந்த இரண்டையும் மாற்றிச் செய்து படிவம் திரும்பி வருவதை அடிக்கடி பார்க்கிறேன்.

பெயர் எழுதும் இடம் ஒரு பொறி. நமக்குத் தகப்பனார் பெயரின் முதலெழுத்துதான் இனிஷியல், குடும்பப் பெயர் என்று தனியாகக் கிடையாது. ஆனால் பாஸ்போர்ட் படிவம் கிவன் நேம், சர்நேம் என்று இரண்டு கட்டம் கேட்கிறது. கிவன் நேம் உங்கள் பெயர். சர்நேமில் இனிஷியலை ஒற்றை எழுத்தாகப் போடக் கூடாது, அதை விரித்து எழுத வேண்டும். சர்நேமை வெறுமையாக விட்டாலும் பாஸ்போர்ட் வரும், ஆனால் பிறகு இடிக்கும். 2022 நவம்பரில், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசாவும் விசிட் விசாவும் இல்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. பிறகு, இன்னொரு பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கலாம் என்று தளர்த்தினார்கள். கிளம்புகிற நேரத்தில் விமான நிலையத்தில் விளக்கிக்கொண்டு நிற்பதைவிட, விண்ணப்பிக்கும்போதே இரண்டு கட்டத்தையும் நிரப்புவது மேல்.

எழுத்துக்கூட்டலையும் பாருங்கள். முகமது, ஆரோக்கியம், லட்சுமி எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் மூன்று நான்கு விதமாக எழுதுவார்கள். ஆதாரில் ஒன்று, டிசியில் ஒன்று, பாஸ்புக்கில் ஒன்று என்று இருந்தால் முதல் வேலையாக ஒன்றாக்குங்கள். சொல் படிப்பதைவிட இது அவசரம்.

பாஸ்போர்ட் கட்டணம் சாதாரண முறையில் 36 பக்கத்துக்கு 1,500 ரூபாய். தட்கல் என்றால் மேலே 2,000. பத்தாம் வகுப்பு தேறியவர்கள் அந்தச் சான்றிதழை இணைத்துக் கேட்டால் ஈசிஆர் முத்திரை இல்லாத பாஸ்போர்ட் கிடைக்கும். ஈசிஆர் என்பது எமிக்ரேஷன் செக் ரிக்வயர்ட். அதாவது சவுதி, குவைத் போன்ற குறிப்பிட்ட நாடுகளுக்கு வேலைக்குப் போகுமுன் அரசின் குடிபெயர்வு அனுமதி வேண்டும் என்று பொருள். ஏஜென்ட் விளக்குவார் என்று இருக்காதீர்கள், நீங்களே படித்து வையுங்கள்.

வேலை ஒப்பந்தத்தில் ஒரு சொல்லை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்: பேசிக் சேலரி, அதாவது அடிப்படைச் சம்பளம். மொத்தச் சம்பளம் பெரிதாகத் தெரியும், அதில் பேசிக் சின்னதாக இருக்கும், மிச்சம் அலவன்ஸ், அதாவது படி. அமீரகத்தில் வேலையை விட்டு வரும்போது தரும் கிராஜுவிட்டியை பேசிக்கை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். அடுத்ததாக டிடக்ஷன், அதாவது பிடித்தம். அப்புறம் ப்ரொபேஷன் என்ற தகுதிகாண் காலம், வேலையை விடுமுன் சொல்லிவைக்க வேண்டிய நோட்டீஸ் பீரியட், அக்காமடேஷன். 'அக்காமடேஷன் ப்ரொவைடெட்' என்றால் தங்குமிடம் அவர்களே தருவார்கள். 'அக்காமடேஷன் அலவன்ஸ்' என்றால் பணம் தருவார்கள், அறையை நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரே ஒரு சொல்தான் வேறு, மாதச் செலவே மாறிவிடும்.

4. வானிலை அறிக்கையை இரண்டு மொழியிலும் படியுங்கள்

என் அனுபவத்தில் இதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது. சொற்கள் குறைவு, தினமும் அதே சொற்கள் வரும், பொருள் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். காசும் இல்லை.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். பாம்பனிலிருந்து வரும் கடல் ஓசை எஃப்எம் 90.4-இல் கடல் நிலவரத்தைத் தமிழில் கேளுங்கள். பிறகு இந்திய வானிலை ஆய்வுத் துறையின் சென்னை மையம் வெளியிடும் அன்றைய அறிக்கையைத் திறங்கள். அங்கே தமிழிலும் உண்டு, ஆங்கிலத்திலும் உண்டு. இரண்டையும் வரிக்கு வரி பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

தமிழில், 'சூறாவளிக்காற்று மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும் இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும் வீசக்கூடும்' என்று வரும். அதுவே ஆங்கிலத்தில், 'ஸ்குவாலி வெதர் வித் விண்ட் ஸ்பீட் ரீச்சிங் 45 டு 55 கேஎம்பிஹெச், கஸ்டிங் டு 65'. ஸ்குவாலி எது, கஸ்டிங் எது என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. குமரிக்கடல் அங்கே கொமோரின் ஏரியா, மன்னார் வளைகுடா கல்ஃப் ஆஃப் மன்னார். 'நாட் டு வென்ச்சர் இன்டூ' என்றால் போக வேண்டாம். 'அலாங் அண்ட் ஆஃப்' என்றால் கரையோரமும் அதை ஒட்டிய கடலும்.

இந்தச் சொற்கள் பொத்தாம்பொதுவானவை அல்ல, ஒவ்வொன்றுக்கும் அளவு உண்டு. டிப்ரஷன் என்றால் காற்று மணிக்கு 31 முதல் 49 கிலோமீட்டர், தமிழ் அறிக்கையில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். டீப் டிப்ரஷன் 50 முதல் 61. சைக்ளோனிக் ஸ்டார்ம் 62 முதல் 88, அதுதான் நாம் சொல்லும் புயல். அதற்கு மேல் 117 வரை சிவியர் சைக்ளோனிக் ஸ்டார்ம். மழைக்கும் அப்படித்தான்: ஹெவி என்று எழுதினால் 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரிலிருந்து 115.5 வரை. வெரி ஹெவி 204.4 வரை. அதையும் தாண்டினால் எக்ஸ்ட்ரீம்லி ஹெவி. 'ஓரிரு இடங்களில்' என்பது ஐசொலேட்டட். டிவியில் யாராவது ஹெவி ரெயின் என்று கத்தினால் எந்த ஹெவி என்று நீங்களே அறிக்கையில் பார்க்கலாம்.

வயர்லெஸ் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் கொஞ்சம். விஹெச்எஃப் சேனல் 16 ஆபத்து அழைப்புக்கானது. உயிராபத்து என்றால் 'மேடே' என்று மூன்று முறை. அப்புறம் படகின் பெயர், பொசிஷன் (நிற்கும் இடம்), என்ன ஆயிற்று, எத்தனை பேர் என்ற வரிசை. 'டேக்கிங் வாட்டர்' என்றால் தண்ணீர் ஏறுகிறது, 'இன்ஜின் ஃபெய்லியர்' இன்ஜின் நின்றுவிட்டது, 'அட்ரிஃப்ட்' கட்டுப்பாடின்றி இழுபட்டுப் போகிறோம், 'ஃபைவ் பெர்சன்ஸ் ஆன் போர்ட்' ஐந்து பேர் இருக்கிறோம். இந்த வரிகளை ஒரு அட்டையில் எழுதிப் படகிலேயே ஒட்டிவிடுங்கள். பதற்றத்தில் படித்த சொல் நினைவுக்கு வராது, அதை நம்ப வேண்டாம். கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554, அதையும் அதிலேயே எழுதுங்கள்.

5. பேச வேண்டியதை வாக்கியமாகவே எடுங்கள்

தனிச் சொல்லாகப் படித்தால் வாயில் கோக்க நேரமாகும், எதிரில் இருப்பவர் பொறுக்க மாட்டார். அதனால் முழு வாக்கியமாக மனப்பாடம் செய்யுங்கள்.

முதலில் நேரம் வாங்கித் தரும் வாக்கியங்கள். இவை எந்தத் தொழிலுக்கும் வேண்டும். 'சாரி, ஐ டிட்ன்ட் கேட்ச் தட்' என்றால் நீங்கள் சொன்னது காதில் சரியாக விழவில்லை. 'குட் யூ ஸ்பீக் எ லிட்டில் மோர் ஸ்லோலி, ப்ளீஸ்?' கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள். 'ஜஸ்ட் எ மொமென்ட்' ஒரு நிமிஷம். 'லெட் மீ செக்' பார்த்துச் சொல்கிறேன். 'ஐ வில் லெட் யூ நோ' தெரிந்ததும் சொல்கிறேன். இந்த ஐந்தும் நாக்கில் நின்றுவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

அடுத்து உங்கள் தொழில். ஒரு வாரம் வாடிக்கையாளர் கேட்கிற கேள்விகளைத் தமிழிலேயே குறித்துக்கொள்ளுங்கள். திரும்பத் திரும்ப வருவது ஒரு பத்து இருபது கேள்விதான். எங்கள் விடுதியில் அவை: அறை காலி இருக்கிறதா, எத்தனை மணிக்குக் காலி செய்ய வேண்டும், கோயிலுக்கு எவ்வளவு தூரம், போனை உள்ளே கொண்டுபோகலாமா, தனுஷ்கோடிக்கு எப்போது கிளம்பினால் நல்லது. இவற்றுக்கான பதில்களை நல்ல ஆங்கிலம் தெரிந்த ஒருவரிடம் ஒருமுறை திருத்தி வாங்குங்கள். 'வி ஆர் ஃபுல்லி புக்டு டுடே.' 'செக்அவுட் இஸ் அட் டென்.' 'மொபைல் ஃபோன்ஸ் ஆர் நாட் அலௌடு இன்சைட் த டெம்பிள்.' 'யூ கேன் லீவ் யுவர் பேக்ஸ் ஹியர்.' 'ப்ரேக்ஃபாஸ்ட் இஸ் இன்க்லூடட்.' இருபத்திரண்டு தீர்த்தத்தை விளக்க வேண்டுமா? 'தேர் ஆர் ட்வென்டி-டூ ஹோலி வெல்ஸ் இன்சைட், யூ வில் கெட் வெட், ப்ரிங் எ சேஞ்ச் ஆஃப் க்ளோத்ஸ்' போதும், தல புராணம் வேண்டாம்.

ராமேஸ்வரம் வருபவர்களில் வடநாட்டு யாத்திரிகர்கள் அதிகம், அவர்களுக்கு இந்திதான் வசதி. ஆங்கிலம் வெளிநாட்டுக்காரர்களுக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். வங்காளிக் குடும்பம் ஒன்றும் தமிழ் ஆட்டோக்காரரும் பேச நடுவில் இருப்பது உடைந்த ஆங்கிலம்தான். இரண்டு பக்கமும் உடைந்திருப்பதால் வெட்கத்துக்கு இடமில்லை. பழக இதைவிட நல்ல ஆட்கள் கிடைக்க மாட்டார்கள்.

சங்குக் கடைக்காரர்கள் ஒரு வாக்கியத்தைக் கட்டாயம் வைத்திருக்க வேண்டும். பவளப்பாறை, கடல் அட்டை கேட்டு வருவோர் உண்டு. இரண்டுமே வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் இருப்பவை. 'கோரல் இஸ் ப்ரொடெக்டட் பை லா. வி டோன்ட் செல் இட்.' தயங்கித் தயங்கிச் சொன்னால் பேரம் பேசுகிறோம் என்று நினைத்துக்கொள்வார்கள், ஒரே மூச்சில் சொல்லுங்கள்.

மீன் பெயரில் ஒரு குழப்பம். நமக்கு எல்லாம் கணவாய், அடைமொழிதான் மாறும். ஆங்கிலத்தில் ஓட்டுக் கணவாய் கட்டில்ஃபிஷ், ஊசிக் கணவாய் ஸ்க்விட். விலையும் தனித்தனி. வஞ்சிரம் நம் நாட்டு ஆங்கிலத்தில் சீர் ஃபிஷ், வளைகுடாவில் கிங் ஃபிஷ் என்றால்தான் தெரியும். நெத்திலி ஆன்ச்சொவி, சாளை சார்டின், திருக்கை ரே.

6. நம்ம ஊர் ஆங்கிலம்: எங்கே இடிக்கும்

இது தவறான ஆங்கிலம் என்று நான் சொல்ல மாட்டேன். நமக்குள் பேச அது நன்றாகவே ஓடுகிறது. வெளியாட்களிடம்தான் இடிக்கும்.

முக்கியமானது கரண்ட். நமக்கு அது மின்சாரம். தனுஷ்கோடியில் தண்ணீரில் இறங்கப் போகிற வெளிநாட்டுக்காரரிடம் 'த கரண்ட் இஸ் வெரி ஸ்ட்ராங் ஹியர், ப்ளீஸ் டோன்ட் கோ இன்டு த வாட்டர்' என்று நீங்கள் சொல்ல வேண்டியிருக்கும். அங்கே கரண்ட் நீரோட்டம். மின்சாரம் போனால் 'த பவர் இஸ் அவுட்'.

ஹோட்டல் என்றால் அவர்களுக்குத் தங்குமிடம். சாப்பாட்டுக் கடையை ரெஸ்டாரன்ட் என்று சொல்லுங்கள், இல்லையென்றால் பையைத் தூக்கிக்கொண்டு மெஸ் வாசலில் போய் அறை கேட்பார்கள். பார்சல் அவர்களுக்குத் தபாலில் வருவது, சாப்பாடு கட்டித் தருவது டேக்அவே. ஜெராக்ஸ் ஃபோட்டோகாப்பி. கேரி பேக்கை கவர் என்றால் புரியாது, பேக் போதும். 'டுடே மார்னிங்' வேண்டாம், 'திஸ் மார்னிங்'. 'எஸ்டர்டே நைட்' வேண்டாம், 'லாஸ்ட் நைட்'. 'ஐ ஹேவ் எ டவுட்' என்றால் நீங்கள் அவரை நம்பவில்லை என்று எடுத்துக்கொள்ளக்கூடும், 'ஐ ஹேவ் எ கொஸ்டின்' என்று கேளுங்கள். 'பாஸ்டு அவுட் இன் 2019' என்றால் 2019-இல் மயங்கி விழுந்தீர்கள் என்று ஆகும்.

மரியாதை இன்னொரு பொறி. தமிழில் 'என்ன வேணும்?' என்பதிலும் 'சொல்லுங்க' என்பதிலும் மரியாதை விகுதிக்குள்ளும் குரலுக்குள்ளும் இருக்கிறது. அப்படியே 'வாட் யூ வான்ட்?', 'டெல் மீ' என்று மாற்றினால் அதட்டுவதுபோல் விழும். 'ஹவ் கேன் ஐ ஹெல்ப் யூ?', 'வாட் வுட் யூ லைக்?' என்று பழகுங்கள். ப்ளீஸ், சாரி, தேங்க்யூ மூன்றையும் நமக்குப் பழக்கமான அளவைவிடக் கூடுதலாகப் போட்டால் தப்பில்லை.

7. நோட்டில் எழுதுவதும் திரும்பப் பார்ப்பதும்

சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதுங்கள். கட்டணத்தைக் குறிக்கும் ஃபேர், ஜோடியைக் குறிக்கும் பேர், கரடியைக் குறிக்கும் பேர் எல்லாம் தமிழ் எழுத்தில் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடும். படிவத்தில் எழுத வேண்டிய அன்று எழுத்துக்கூட்டல் வராது. உச்சரிப்பை எழுதி வைக்க வேண்டாம், அகராதியில் ஒலியைத் தட்டி மூன்று முறை கூடவே சொல்லுங்கள். வாய்விட்டுச் சொல்ல வேண்டும், மனசுக்குள் சொன்னால் கணக்கில் வராது.

பக்கத்தில் தமிழ்ப் பொருள். அதற்குக் கீழே உங்கள் வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியம், புத்தக வாக்கியம் கூடாது. டிலே என்ற சொல்லுக்கு 'த ட்ரெய்ன் இஸ் டிலேய்டு அட் மண்டபம்' என்று எழுதினால் மறக்காது.

எழுதிய சொல்லை மறுநாள் பாருங்கள். பிறகு மூன்றாம் நாள், ஒரு வாரம், பதினைந்து நாள், ஒரு மாதம். அட்டை என்றால் இதற்கு மூன்று பிஸ்கட் டப்பா போதும்: தினமும் பார்ப்பது, வாரம் ஒருமுறை, மாதம் ஒருமுறை. சரியாகச் சொன்ன அட்டை அடுத்த டப்பாவுக்குப் போகும், தடுமாறினால் முதல் டப்பாவுக்கே திரும்பும். ஆன்கி இந்தக் கணக்கைத் தானே பார்த்துக்கொள்ளும். அட்டையில் தமிழ்ப் பக்கத்தைப் பார்த்து ஆங்கிலம் சொல்லிப் பழகுங்கள். ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழ் சொல்வது எளிது, ஆனால் பேசும்போது உதவாது.

8. வகுப்புக்குப் பணம் கட்டுமுன்

ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பே வேண்டாம் என்று சொல்லவில்லை. கூச்சம் போக நாலு பேரோடு பேசிப் பழக இடம் வேண்டும், அது அங்கே கிடைக்கும். ஆனால் சில ஆயிரங்களை முன்கூட்டியே மொத்தமாகக் கட்டச் சொன்னால் தயங்குங்கள். நான் போன ஓர் இடத்தில் ஒரு தொகுதியில் அறுபது பேர். ஒருவருக்குப் பேச ஒரு நிமிடம் வந்தால் அதிகம், மிச்ச நேரமெல்லாம் இலக்கணம்.

ஒரு நாள் சும்மா உட்கார விடுவார்களா, ஒரு தொகுதியில் எத்தனை பேர், மாதாமாதம் கட்டலாமா, பாதியில் நின்றால் மிச்சத்தைத் தருவார்களா என்று கேளுங்கள். ரசீது வாங்குங்கள். அவர்கள் தரும் சான்றிதழை விசாவுக்கு யாரும் கேட்கப்போவதில்லை. வெளிநாட்டுப் படிப்புக்கும் குடியேற்றத்துக்கும் பொதுவாகக் கேட்பது ஐஇஎல்டிஎஸ் போன்ற ஆங்கிலத் தேர்வுகள். ஐஇஎல்டிஎஸ் கட்டணம் பதினேழாயிரத்துக்கு மேல், பாஸ்போர்ட் இல்லாமல் எழுத முடியாது, மதிப்பெண் இரண்டு வருடம்தான் செல்லும். தேவை வரும் முன்பே அவசரப்பட்டு எழுதி வைக்காதீர்கள்.

9. எப்போது தொடங்குவது

விசைப்படகுக்காரர்களுக்குக் காலம் தானாகவே அமைந்திருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். நாளுக்கு எட்டுச் சொல், வாரத்தில் ஆறு நாள், ஏழாம் நாள் பழையது மட்டும் என்று வைத்தால் தடைக்காலம் முடிவதற்குள் சுமார் 400 சொல் ஏறும். வலை பார்க்கும் வேலையும் படகுப் பராமரிப்பும் பகலைத் தின்றுவிடும், அதனால் காலையில் தேநீருக்கு முன் அரை மணி நேரம் பிடித்துக்கொள்ளுங்கள். இரவு வேண்டாம், ஐபிஎல்லும் அதே மாதங்களில்தான் வருகிறது.

விடுதி, ஆட்டோ, கடை வைத்திருப்பவர்கள் ஆடி அமாவாசை, தை அமாவாசை, மே விடுமுறை பக்கம் புதிய சொல்லைத் தொடாதீர்கள். கூட்டத்தில் படித்ததைப் பேசிப் பார்க்க மட்டும் அந்த நாட்கள். வெளிநாடு போகிறவர்கள் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்த அன்றே தொடங்கலாம். போலீஸ் விசாரணை, விசா என்று காத்திருக்கும் வாரங்கள் வீணாகாது.

தடைக்காலம் முடிந்து படகு இறங்கியதும் பலர் நோட்டை மூடிவிடுகிறார்கள். கடலுக்குப் போகாத நாளில் புதிய சொல், போகிற நாளில் பழைய சொல் என்று பிரித்துக்கொள்ளுங்கள். கடலுக்குள் கொஞ்ச தூரம் போனதும் சிக்னல் போய்விடும், அதனால் ஒலிப்பதிவுகளை முன்கூட்டியே இறக்கி வையுங்கள். அட்டைகளை ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துப்போங்கள். பால்பாயின்ட் பேனாவில் எழுதுங்கள், ஜெல் பேனா மை உப்புத்தண்ணீர் பட்டால் ஓடிவிடும். அந்த மாதங்களில் வாரத்துக்குப் பத்துச் சொல் ஏறினாலே போதும்.